"உனக்குப் பழம் கிடையாது" என்றாள் செவ்தா, தன் பழக்கடை வாசலில் நின்று.

நெவேனா பையை விரித்துப் பிடித்தபடியே நின்றாள். "ஏண்டி, இவ்வளவு செர்ரி குவிச்சு வச்சிருக்கியே."

"காக்காய்க்குப் போட்டாலும் போடுவேன், உனக்குத் தரமாட்டேன். இன்னைக்கு விருந்துல அந்தக் கறுப்புச் சட்டைக்காரனுங்களுக்கு வாயே நீதானே? ஞாயித்துக்கிழமை எங்க ரோமா ஜனங்க இருக்கிற மஹல்லாவுக்குள்ள ஊர்வலம் வர்றாங்க. முதல் வீடு யாரு வீடு? ஒண்ணாங்கிளாஸ்ல உன் பக்கத்துல உட்கார்ந்தவ வீடு."

நெவேனா பையை மடித்துக்கொண்டு, சாலையைக் கடந்து எங்கள் உணவகத்துக்குள் வந்தாள்.

நான் அங்கே பரிமாறுகிறவன். எல்லாவற்றையும் திறந்த ஜன்னல் வழியாகப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கும் அவள்மேல் கோபம்தான். அதே ஆட்களுக்கு நானும் தட்டு தூக்குகிறேனே என்பது அப்போது உறைக்கவில்லை.

ஜூன் மாதத்தில் எங்கள் ஊர் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். லிண்டன் மரங்கள் பூத்துவிட்டால் அந்த வாசனையில் கடைக்காரர்கூட சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கேயோ பார்ப்பார். அந்த மயக்கத்துக்கு நடுவே, மலைக்கு அந்தப் பக்கம் கிரீஸிலிருந்து ஒரு பேருந்து நிறையக் கறுப்புச் சட்டைக்காரர்கள் வந்து இறங்கினார்கள். தலைவர் பெயர் ஸ்தமாதிஸ். வரவேற்றது எங்கள் ஊர் கிராசெனும் அவனுடைய முப்பது பேரும்.

இரண்டு கூட்டத்துக்கும் ஒரே கோஷம், "அந்நியனே வெளியேறு." அதைச் சேர்ந்து போடுவதற்காகத்தான் எல்லை தாண்டி வந்து கூடுகிறார்கள். இது நான்காவது வருடம்.

ஒரே ஒரு சிக்கல். அந்நிய மொழி நாக்கில் படக்கூடாது என்பது இருவருக்குமே கொள்கை. நெவேனாவோ கிரீஸில் தெசலோனிக்கி நகரத்தில் பன்னிரண்டு வருடம் யார் யார் வீட்டுக் கிழவர்களையோ குளிப்பாட்டி, சோறூட்டி, கிரேக்கம் கற்றவள். பிழைப்புக்காக எல்லை தாண்டிய அவள் இல்லையென்றால் இவர்கள் ஒருவருக்கொருவர் வணக்கம்கூடச் சொல்லிக்கொள்ள முடியாது.

போன வருடமும் இப்படித்தான் விருந்து முடித்துக்கொண்டு பக்கத்து ஊரில், ஜிப்சி என்று இவர்கள் ஏசும் ரோமா ஜனங்கள் இருக்கும் மஹல்லாவுக்குள் போனார்கள். பதினோரு வீடுகளில் கண்ணாடி உடைந்தது. ஒரு பெண்ணுக்குக் கண்ணே போயிற்று.

தக்காளி, வெள்ளரி சாலட் வைத்து, ராக்கியா என்கிற பழச் சாராயத்தை ஊற்றினேன். எங்கள் பக்கத்தில் முதல் கோப்பைக்கு வீட்டுக்காரர் நாலு வார்த்தை பேச வேண்டும், விருந்தாளி பதில் பேச வேண்டும், பிறகு கண்ணைப் பார்த்துக் கோப்பையை இடிக்க வேண்டும்.

கிராசென் எழுந்தான்.

"ஸ்தமாதிஸ் அண்ணே, நீங்க வந்தீங்களே அந்தப் பக்கத்துக் கடற்கரை, அது எங்க தாத்தன் மண்ணு. உங்க ஆளுங்க அமுக்கிக்கிட்டாங்க. ஒரு நாள் திருப்பி எடுப்போம். அதுவரைக்கும் நாம சகோதரங்க."

மூன்று வருடமாக வார்த்தை மாறாத பேச்சு. நெவேனா கிரேக்கத்தில் சொல்லி முடித்ததும் ஸ்தமாதிஸ் கண் கலங்கி வந்து கட்டிக்கொள்வது வழக்கம்.

"அவர் என்ன சொல்றார்?" என்றார் ஸ்தமாதிஸ். அந்த ஒரு கிரேக்க வாக்கியம் எனக்கே பழகிப்போயிருந்தது.

நெவேனா ஜன்னலுக்கு வெளியே, சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள். ஸ்தமாதிஸின் சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்று, பிறகு காணாமல் போனது. அடிக்குரலில் ஏதோ சொன்னார்.

"அவர் என்ன சொல்றார்?" என்றான் கிராசென்.

"'உங்க மொழிக்கு எழுத்தே நாங்க போட்ட பிச்சை. ஆடு மேய்ச்சவனுக்குக் கடற்கரை ஒரு கேடா'ன்னு கேட்கிறார்."

"என்ன? போன வருஷம் 'உங்க எழுத்து ரொம்ப அழகு'ன்னு சொன்னாரே?"

நெவேனா அதையும் கிரேக்கத்தில் சொன்னாள்.

பிறகு நடந்ததெல்லாம் கனவில் நடந்ததுபோல்தான் இருக்கிறது. ஒருவர் கத்துவார். கத்தி முடித்ததும் மற்றவர், நெவேனா சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருப்பார். அதன்பிறகு அவர் கத்துவார். லிண்டன் பூ ஒன்று உள்ளே மிதந்து வந்து சாலட்டில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

"வருஷா வருஷம் சொல்றதைத்தானே சொன்னேன்?" என்று கிராசென் என்னைப் பார்த்துக் கேட்டான், அழாத குறையாக.

ஸ்தமாதிஸ் யார் கண்ணையும் பார்க்காமல் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போனார். கூரையெல்லாம் மகரந்தம் படிந்த பேருந்து, சத்தமே இல்லாததுபோல் மலை ஏறி மறைந்தது.

"நாம முப்பது பேர் மட்டும் மஹல்லாவுக்குள்ள போனா, வாங்கிக் கட்டிக்கிட்டுத்தான் வரணும்" என்றான் கிராசெனின் ஆள் ஒருவன். ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் அத்தோடு நின்றுபோனது.

சேதி கேட்டு செவ்தா ஓடி வந்தாள். இரண்டு கை நிறையச் செர்ரி.

"இந்தாடி, உன் வாய்க்குச் சர்க்கரைதான் போடணும். அப்படி என்ன பொய்யைச் சொல்லி மூட்டிவிட்ட?"

நானும் அதைக் கேட்கத்தான் பக்கத்தில் நின்றேன்.

நெவேனா பழத்தைத் தொடவில்லை.

"நீயே வச்சுக்க, செவ்தா. மூணு வருஷமா அவங்க திட்டினதையெல்லாம் பாராட்டா மாத்திச் சொல்லி, அவங்களை ஒண்ணா உட்கார வச்சது என் பொய்தான். இன்னைக்குத்தான் முதல் தடவையா, சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன்."