அய்யாக்கண்ணுவின் சாமி மேடை

"ஐயையோ! சாப்பாட்டு மேசையையும் சேர்த்து அறுத்துட்டீங்களே!"

வள்ளியம்மா போட்ட சத்தத்தில் அய்யாக்கண்ணு ரம்பத்தை நிறுத்தினார். பிளைவுட் பலகை, போட்ட கோடு பிசகாமல் இரண்டாகியிருந்தது. அதற்கு அடியில் இருந்த மேசையின் மூலையும் அதே கோட்டில் அறுபட்டுத் தரையில் கிடந்தது. அவர் துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் தலைமைக் கிராணி. பேனாவைத் தவிர கூரான எதையும் அவர் கையாண்டதில்லை என்பதற்கு இனி மேசையே சாட்சி.

"பலகை இவ்வளவு மெல்லிசா இருக்கும்னு நெனைக்கல வள்ளி."

"எதுக்கு உங்களுக்கு இந்த ஆசாரி வேலை?"

வாயில் வந்ததைச் சொன்னார். "சாமி மேடை செய்றேன். ஆளுயரத்துக்கு."

வள்ளியம்மாவின் முகம் சட்டென்று பக்திமயமானது. "அப்படியா? அப்ப அது முடியிற வரைக்கும் வீட்டுல மீன், கோழி கிடையாது. சுத்தமா இருக்கணும்."

"நான் சுத்தமாத்தான் லா இருக்கேன்!"

"வயிறும் சுத்தமா இருக்கணும்."

கெம்போங் மீன் குழம்பு இல்லாமல் சோற்றைத் தொடாத மனிதர், தன் வாயாலேயே தினமும் கத்திரிக்காய்க் குழம்பு என்ற தண்டனையை வாங்கிக்கொண்டார்.

உண்மையோ வேறு. காய்கறியும் மீனும் விற்கும் சௌராஸ்தா பாசாருக்குப் பக்கத்துச் சந்தில் கமால் வீடியோ கேம் கடை திறந்திருந்தான். ஒருநாள் மழைக்கு ஒதுங்கிய அய்யாக்கண்ணு, விண்கலங்களைச் சுடும் பெட்டியிடம் மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து வேலை முடிந்தால் அங்கேதான். பள்ளிச் சீருடைகளுக்கு நடுவே கழுத்தில் டை கட்டிய ஒரு வழுக்கைத் தலை. "அங்கிள், சீக்கிரம் லா!" என்று பின்னால் நிற்கும் பொடியன்கள் அதட்டுவதைக்கூடப் பொறுத்துக்கொண்டார்.

பொறுக்க முடியாதது, திரையின் உச்சியில் இருந்த பெயர்.

அதிகப் புள்ளி எடுத்தவர் மூன்று எழுத்தில் தன் பெயரைப் போட வேண்டும். முதலிடத்தில் இருந்த ஆளோ எழுத்தைத் தேடிப் பிடிக்காமல் பட்டனை மூன்று தட்டுத் தட்டிவிட்டுப் போயிருந்தான். ஏ, ஏ, ஏ. அழிந்துவிடக் கூடாதென்று அந்தப் பெட்டியைக் கமால் ராத்திரியிலும் அணைப்பதில்லை.

"பேரு போடக்கூட மதிக்கல பாத்தியா கமால்? எவ்வளவு திமிரு! யாருப்பா அது?"

"அத மட்டும் கேக்காதீங்கண்ணே. சொல்லக் கூடாதுன்னு வாக்கு வாங்கிட்டாங்க. காலையில வருவாங்க, ஆடுவாங்க, போயிடுவாங்க."

காலையில் வருகிறவன் என்றால் வேலை வெட்டி இல்லாதவன். அப்படிப்பட்டவனிடம் தோற்பதா? ஒரே ஒரு தடவை, அந்த மூன்று ‘ஏ’வுக்கு மேலே தன் பெயர் வந்துவிட வேண்டும். வீட்டிலேயே பழகுவதென்று முடிவு செய்து, கமாலிடம் பழைய திரையும் சர்க்கிட்டும் வாங்கினார். பெட்டியை மட்டும் தானே செய்துகொள்வதாக வீறாப்பாகச் சொன்னார். முதல் பலி மேசை.

வேலை வளர்ந்தது. வள்ளியம்மா பக்தியோடு பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடைக்கு முன்னால எதுக்குங்க இத்தன ஓட்டை?"

"சூடத்துப் புகை வெளிய போக வேணாமா?"

"பின்னால இத்தன ஒயரு?"

"சீரியல் பல்பு."

"நல்லதுதான். முருகனுக்கு வெளிச்சம்னா பிடிக்கும்," என்று சொல்லிவிட்டு மறுபடியும் கத்திரிக்காய் வைத்தாள்.

கமால் கடையிலோ நிலைமை இன்னும் மோசம். "அண்ணே, ஏ ஏ ஏ புள்ளியில எங்கேயோ போயிட்டாங்க. முன்னெல்லாம் ஒரு ஆட்டம் ஆடிட்டு ஓடுவாங்க. இப்ப அவசரமே இல்லாம நின்னு ஆடுறாங்க."

அன்று கத்திரிக்காயைக்கூடத் தொடாமல் எழுந்துபோய் ஆணி அடித்தார்.

ஒரு வழியாகப் பெட்டி முடிந்தது. வள்ளியம்மா முருகன் படத்தைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். "படத்த எங்க வைக்க?"

இனி மறைக்க முடியாது. அய்யாக்கண்ணு மூடியிருந்த போர்வையை இழுத்தார். "வள்ளி, கோவப்படாத. இது சாமி மேடை இல்ல. கேம் மெசின்."

அவள் படத்தோடு பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். திட்டு விழுவதற்குள் அவர் அவசரமாக ஆட்டத்தைத் தொடங்கினார். இடது பக்கம் தள்ளினால் விண்கலம் வலது பக்கம் ஓடியது. வலது பக்கம் தள்ளினால் இடது பக்கம் போய் எதிரியின் மடியிலேயே விழுந்தது. தொடங்கிய வேகத்தில் ஆட்டம் முடிந்தது.

"ஸ்டிக்கத் தலைகீழா மாட்டியிருக்கீங்க," என்றாள் வள்ளியம்மா. "இதப் பிடிங்க. நகருங்க."

முருகனை நெஞ்சோடு அணைத்தபடி அய்யாக்கண்ணு நகர்ந்தார். அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, தலைகீழ் ஸ்டிக்கைத் தலைகீழாகவே பிடித்து ஆடத் தொடங்கினாள். விண்கலங்கள் வரிசை வரிசையாக வெடித்தன. அய்யாக்கண்ணு மூச்சு விடவும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் திரை பெயரைக் கேட்டது. அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. பட்டனை மூன்று தட்டுத் தட்டினாள்.

ஏ, ஏ, ஏ.

"வள்ளி... அது நீயா?"

"நாந்தான். பாசாருக்குப் போறப்பல்லாம் ஆடுவேன். நீங்க சாமான் வாங்குன அன்னைக்கே கமால் எங்கிட்ட சொல்லிட்டான்."

"தெரிஞ்சுமா எனக்கு இத்தன நாளு மீன் இல்லாமச் சோறு போட்ட?"

"பின்ன? மீன் வாங்குனா, கெட்டுப் போறதுக்குள்ள வீட்டுக்கு ஓடி வரணும். கத்திரிக்கா, நான் எவ்வளவு நேரம் ஆடுனாலும் பையில பேசாமக் கிடக்கும்ல?"