பேயைக் கட்டிய டீச்சர்

"இரண்டாம் பாகம் சுத்தக் குப்பை," என்றான் நிருஷன்.

"முதல் பாகத்தை விட அதுதான் திறம்," என்றாள் யதுர்ஷிகா.

விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கில நாவல்களின் பாத்திரங்களை ஒன்றாகச் சேர்த்து வரைந்த படக்கதை அது.

"பேயைப் பிடிக்க வந்த டீச்சர் அந்தப் பேயையே கலியாணம் கட்டுறா. இதெல்லாம் ஒரு கதையே?"

"அந்தப் பேய் அவவைக் கதைக்க விடுது. உங்களை மாதிரி இடையில பாயிறேல்லை."

"நீர் படத்தை மட்டும்தான் பாத்திருக்கிறீர்."

"நீங்கள் கடைசிப் பக்கத்தை மட்டும்தான் வாசிச்சிருக்கிறியள்."

இருவரின் தேத்தண்ணீரும் ஆறிப்போனது. சத்தம் கேட்டு ஓடிவந்த யதுர்ஷிகாவின் தாய் கமலாசனி, மகளைக் குசினிக்குள் இழுத்துப்போனாள்.

"என்ன பிள்ளை இது? பொம்பிளை பாக்கவெண்டு கண்டாவளையில இருந்து வந்திருக்கினம். கொஞ்ச நேரம் தனியக் கதைக்க விட்டால், முதல்முதலாக் கண்ட மாப்பிள்ளையோட இப்பிடியே சண்டை பிடிக்கிறது? இனி என்ன சொல்லப் போயினமோ."

முன்னறையில் நிருஷன் தன் தாயிடம் சொல்வது கேட்டது. "எனக்குச் சம்மதம், அம்மா."

கமலாசனி குசினி வாசலால் எட்டிப் பார்த்தாள்.

"எனக்கும் ஓம்," என்றாள் யதுர்ஷிகா. "மூண்டாம் பாகம் வாறதுக்கு முதல் கலியாணத்தை வைக்கச் சொல்லுங்கோ. அவருக்கு நிறைய விளங்கப்படுத்த வேண்டிக் கிடக்கு."