கொழுவில் ஒட்டிய செம்மண்

கொன்யா சமவெளியில் உச்சிவெயில். சுற்றிலும் கோதுமை பச்சையாக அசைய, ஹாஜரின் வயலில் மட்டும் கதிர்கள் மணி பிடிக்காமல் வெளுத்துச் சாவியாக நிற்கின்றன. பக்கத்து வயல்காரன் துர்சுன் ஒரு தூரைப் பிடுங்கி உதறுகிறான். முடிச்சு விழுந்த வேரில் கசகசா போல வெள்ளை மணிகள், வேர்ப்புழுவின் முட்டைக்கூடுகள். அடித்தண்டில் காப்பி நிறத்தில் அழுகல். புழு துளைத்த வழியே பூஞ்சை நுழைந்திருக்கிறது. போன வருஷம் அவன் வயலும் இப்படித்தான் போயிற்று. மண்ணோடு பரவும் நோய் இது, இயந்திரத்தைக் கழுவாமல் யாருக்கும் தராதே என்று வேளாண் அதிகாரி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஹாஜரின் கொட்டகைக்குள், விதைப்புக்கு அவன் இரவல் தந்த விதைப்பு இயந்திரம் நிற்கிறது. அதன் கொழுவில் காய்ந்திருப்பது அவன் வயலின் செம்மண். ஹாஜரின் மண் சாம்பல் நிறம்.

"நான்தாண்ணே லேட்டா விதைச்சுட்டேன். புருஷன் இல்லாதவ விவசாயம் பாத்தா இப்படித்தான்னு ஊரே சிரிக்குது" என்றபடி ஹாஜர் மோர்க்குவளையை நீட்டுகிறாள். "நீங்க மெஷின் குடுக்கலேன்னா இதுவும் இல்ல. அடுத்த வருஷமும் குடுப்பீங்கல்ல?"

கழுவித் தருகிறேன் என்ற சொல் வாய்வரை வந்து நின்றுவிடுகிறது. துர்சுன் தலையாட்டியபடி மோரை வாங்குகிறான். முதுகுக்குப் பின்னால், மறைத்துப் பிடித்த வேரிலுள்ள வெள்ளை மணிகளை அவன் விரல்கள் ஒவ்வொன்றாக நசுக்குகின்றன.