இதை மட்டும் எழுதாதீர்கள்

படம் முடிந்து பைக்கில் திரும்பும்போது எழிலரசி, கணவன் தயாளனின் காதோரம் பேசிக்கொண்டே வருவாள். பேய்ப் படத்தில் பேய்தான் பாவம், சண்டைப் படத்தில் அடிவாங்கியவனுக்கு யாரும் தண்ணீர்கூடத் தருவதில்லை என்பாள். மறுநாள் அதெல்லாம் அவன் பெயரில் இணையத்தில் விமர்சனமாக வரும். அவளுக்கு அதில் பெருமைதான். நேற்று, நகைச்சுவைப் படத்தில் தான் ஏன் அழுதாள் என்பதை முதல்முறையாகச் சொன்னாள்.

"எங்கப்பா சிரிச்சா தியேட்டரே திரும்பிப் பார்க்கும். அவர் போனப்புறம் காமெடி படம்னாலே அழுகைதான் வருது. இதை மட்டும் எழுதிடாதீங்க."

காலையில் மாமனார் கைபேசியோடு சமையலறைக்கு வந்தார்.

"'என் அப்பா இறந்தபிறகு'ன்னு தயா எழுதியிருக்கான். நான் எப்பம்மா செத்தேன்?"

அவள் அடுப்பைத் தணித்தாள்.

"அது எங்கப்பா, மாமா."