ரெண்டு சுத்து உரை மருந்து

செங்கல்பட்டில் குழந்தைகள் டாக்டர் ஹரிப்ரியாவின் கிளினிக். பன்னீர்செல்வத்தின் மடியில் இருபது நாள் பேத்தி வீறிட்டுக்கொண்டிருந்தாள்.

"பால் குடிச்சா போதும், வயிறு உப்பிக்கினு ஒரே அழுகை டாக்டரம்மா."

சோதித்துவிட்டு டாக்டர் சிரித்தார். "வெறும் காத்துதான். தோள்ல போட்டுத் தட்டுங்க, ஏப்பம் வந்தா சரியாயிடும். வசம்பு, மாசிக்காய்னு எதையாவது உரசிக் குடுத்தீங்களா?"

"சத்தியமா இல்லம்மா!"

"ஆச்சரியமா இருக்கே! பஜார்ல ஒரு நாட்டு மருந்துக் கடைக்காரர், 'ரெண்டு சுத்து உரசிக் குடுங்க, குழந்தை கொழுகொழுன்னு வளரும்'னு அடிச்சு சொல்றாராம். அதை நம்பிக் குடுத்துட்டுத்தான் எல்லாரும் இங்க வர்றாங்க. நீங்க மட்டும் எப்படித் தப்பிச்சீங்க?"

பன்னீர்செல்வம் தலையைச் சொறிந்தார்.

"அந்தக் கடைக்காரனே நான்தாம்மா. சொந்தப் பேத்தின்னதும் என் பேச்சு மேல எனக்கே நம்பிக்கை வரல!"