இப்ப வந்துரும்

மூன்று மணிக்கு லைன்மேன் உண்மையைச் சொல்லிவிட்டான்.

"எஸ்தரக்கா, நீங்க காத்துக் கெடக்காதீங்க. ரோடு அகலப்படுத்துற எடத்துல ஜேசிபி கேபிள அத்துப்போட்டுருச்சு. இன்னைக்கு நெட்டு வராது."

பேச்சு முடிந்த பிறகும் அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

கம்ப்யூட்டர் மேசைக்கு அந்தப் பக்கம் பேச்சித்தாய் உட்கார்ந்திருந்தாள். மடியில் பிளாஸ்டிக் பை. பைக்குள் சான்றிதழ்கள். காலை பத்தரையிலிருந்து அதே நாற்காலி.

"என்னக்கா சொல்றாங்க?"

"இப்ப வந்துரும்."

வார்த்தை வெளியே வந்த பிறகுதான் அவள் காதில் விழுந்தது.

காலையிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். காலையில் அது பொய்யில்லை. கம்பெனி நம்பரில் பேசிய பெண் ஒவ்வொரு தடவையும் அரைமணி நேரம் என்றாள். எஸ்தரும் நம்பினாள். செல்போனிலிருந்து இணைத்துப் பார்த்தாள். விண்ணப்பத்தில் பெயர் ஏறியது, முகவரி ஏறியது. போட்டோ ஏற்றும் இடத்தில் வட்டம் சுற்றிச் சுற்றி நின்றுபோனது. போனைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். தண்ணீர்த் தொட்டி மேல் வைத்துப் பார்த்தாள். மறுபடியும் முதலிலிருந்து. நான்கு தடவை.

அதெல்லாம் மெய்தான்.

மூன்று மணிக்கு மேல்தான் பொய்.

எதிர்ச்சாரியில், மருந்துக்கடைக்குப் பக்கத்தில், பங்குனியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் திறந்திருந்தார்கள். கண்ணாடிக் கதவு, ஏசி, வேறு கம்பெனி லைன். காலையில் எஸ்தர் கடைப் படியேறி, லைன் இல்லை என்றதும் இறங்கிய பதினோரு பேரும் நேரே அங்கேதான் போனார்கள்.

அந்தப் படியேறியவர்கள் திரும்ப இந்தப் படியேறியதில்லை. நான்கு மாதமாகப் பார்க்கிறாள்.

பேச்சித்தாய் மட்டும் போகவில்லை. "ஒங்ககிட்டயே இருக்கேன்க்கா. அங்க போனா அதட்டுவாங்க."

தீக்குச்சி அடுக்கும் தீப்பெட்டி ஆபீஸில் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். அரசு விடுதியில் சமையல் வேலைக்கு எழுதிப்போட. இன்று மாலை ஐந்து மணியோடு விண்ணப்பம் முடிகிறது. விதவைச் சான்றிதழ் நேற்றுத்தான் கையெழுத்தாகி வந்தது. அடுத்த மாதம் அவளுக்கு வயது தாண்டிவிடும்.

எஸ்தருக்கு இதெல்லாம் தெரியும்.

மூன்றேகால்.

மூன்றரை.

போகச் சொல்லிவிடலாம். ஒரு வார்த்தைதான்.

புருஷன் விட்டுப்போன வருஷம் ஆரம்பித்த கடை. ஆறு வருஷமாக அவளுக்குச் சோறு போட்டு, வாடகை கட்டி, ஊருக்குள் தலை நிமிர்ந்து நடக்க வைத்த கடை. இருக்கிற இந்த ஒருத்தியையும் கையைப் பிடித்து அங்கே அனுப்பினால், நாளைக்கு யார் வருவார்கள் என்று மனசு கேட்டது. லைன்மேனுக்கு என்ன தெரியும், வந்தாலும் வந்துவிடும் என்று அதே மனசு சமாதானமும் சொன்னது.

பேச்சித்தாய் மோடத்தின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சையானால் முதலில் தான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதுபோல.

நாலு இருபதுக்கு எஸ்தரால் தாங்க முடியவில்லை.

"பேச்சி, எந்திரி. எதிர்க்கடைக்கு ஓடு."

"வந்துரும்னீங்களேக்கா."

"வராது. ஓடு."

பேச்சித்தாய் ஓடினாள். ஒரு லாரிக்காரன் அடித்த ஹாரனுக்குக்கூட நிற்கவில்லை. எஸ்தர் வாசல்வரை வந்தாள். அதற்கு மேல் கால் போகவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒன்பது பேர் நின்றார்கள். பத்தாவதாகப் பேச்சித்தாய் போய் நின்றாள்.

ஐந்து பத்துக்குத் திரும்பி வந்தாள்.

"எனக்கு முன்னால ரெண்டே பேருதான்க்கா. அதுக்குள்ள சைட்டு மூடிருச்சு."

அழவில்லை. சான்றிதழ் ஒன்றின் முனை மடங்கியிருந்தது. அதை மேசைமேல் வைத்து, கட்டைவிரலால் நீவி நீவி நேராக்கினாள்.

எஸ்தர் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள். மூணு மணிக்கே எனக்குத் தெரியும் பேச்சி.

"பாவம், எனக்காக நீங்க மத்தியானம் சோறுகூட திங்கல," என்றாள் பேச்சித்தாய்.

திறந்த வாய் மூடிக்கொண்டது.

மறுநாள் மதியம் லைன் வந்தது.

ஒன்றரை மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சித்தாய் படியேறி வந்தாள். பின்னால் தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் நான்கு பேர். நகராட்சிப் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம்.

"எதிர்க்கடைக்குக் கெளம்புனாளுக. நாந்தான் இழுத்துட்டு வந்தேன். எனக்காக ஒரு நாள்பூரா பட்டினி கெடந்த மனுஷி, இவங்கள விட்டுட்டு எங்க போறீங்கடின்னு."

நான்கு நாற்காலிகளில் நான்கு பேர் உட்கார்ந்தார்கள். பேச்சித்தாய் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"நீ போடலையா பேச்சி?"

"எனக்குத்தான் வயசு தாண்டிருச்சேக்கா." சிரித்தாள்.

எஸ்தர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். முதல் பெண்ணிடம் பிறந்த தேதி கேட்டாள். அந்தப் பெண் சொன்னாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் சொன்னாள்.

விரல்கள் எழவில்லை.

"என்னக்கா," பேச்சித்தாய் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள். "லைன் இல்லையா?"

இருந்தது.