வெண்கலக் கையுறை

கோலோன் நகரச் சதுக்கத்தில் வெயில் சரிகிறது. சிலையை மூடியிருந்த சிவப்புத் துணி விழுந்ததும் டிரம்பெட்டுகள் அலறுகின்றன. வெண்கலத்தில் நிற்பவன் முன்னாள் உலகக் குத்துச்சண்டைச் சாம்பியன் அன்செல்மோ. கீழே வெள்ளைச் சட்டையில் வியர்த்து நிற்பவனும் அவனேதான். "சிலைக்குத் தொப்பையைக் காணோமே, சாம்பியன்" என்று யாரோ குரல் விட, வாழைக்காய் பொரிக்கிறவள்கூடக் கரண்டியை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறாள். சட்டென்று கூட்டம் வழிவிடுகிறது. மகளின் தோளைப் பிடித்தபடி லியோன்சியோ வருகிறான். பட்டத்துக்கான சண்டையில் அன்செல்மோவிடம் தோற்று, அந்த ராத்திரியோடு இரண்டு கண்களும் போனவன். அன்று அன்செல்மோவின் கையுறைக்குள்ளே கள்ளத்தனமாகப் போட்ட மாவுக்கட்டு கல்லாக இறுகியிருந்தது; அது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அன்செல்மோ இத்தனை வருஷமாக நம்புகிறான். "மூக்கை நேரா வச்சிருக்கானுங்களா, நான் உடைச்ச மாதிரி வச்சிருக்கானுங்களா?" என்கிறான் லியோன்சியோ. "நேராத்தான்டா இருக்கு" என்கிறான் அன்செல்மோ. "அப்ப சிலை பொய் சொல்லுது." எல்லோரும் கைதட்டுகிறார்கள். மகள் அப்பாவின் கையைத் தூக்கிச் சிலையின் கையுறைமேல் வைக்கிறாள். விரல்கள் வெண்கலத்தின்மேல் மெதுவாக ஊர்ந்து, கையுறையின் விரல்முட்டிகளில் நிற்கின்றன. நகத்தால் ஒரு தட்டு தட்டுகிறான். பிறகு, பக்கத்தில் நிற்பவனுக்கு மட்டும் கேட்கும் குரலில், "அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சு, அன்செல்மோ" என்கிறான். "கையைத் தூக்குங்க சாம்பியன், ஒரு போட்டோ" என்று முன்வரிசையிலிருந்து கூப்பிடுகிறார்கள். அன்செல்மோவின் கைகள் கால்சட்டைப் பையை விட்டு வெளியே வருவதாக இல்லை.